விண்மீன்கள் வரையும் கோடுகள்

இரவு வானத்தைக் காட்டும் ஒரு படத்தை நீங்கள் எங்கேனும் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி, குளத்தில் கல்லெறிந்தாற்போல வட்டம் வட்டமாக நூற்றுக்கணக்கான ஒளிக்கோடுகள். கீழே ஒரு மலையோ, பைன் மரமோ, பழைய தேவாலயமோ நிற்கும். பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்ற பாடத்துக்குப் பக்கத்தில் இத்தகைய படத்தை அச்சிடுவது வழக்கம்.

படம் உண்மையானதுதான். ஆனால் அதைப் பார்த்துவிட்டு அதிராம்பட்டினத்தில் காமிராவை வடக்கே திருப்பி வைத்தால் அந்தப் படம் கிடைக்காது. காமிரா மட்டமானது என்பதால் அன்று. அந்தப் படங்களில் பெரும்பாலானவை நிலநடுக்கோட்டிலிருந்து வெகு தொலைவில் உள்ள நாடுகளில் எடுக்கப்பட்டவை. நம் ஊரின் வானம் வேறு. நமக்குக் கிடைக்கும் படம் அந்நாட்டவர்களுக்குக் கிடைக்காது! அது ஏன் என்பதையும், அந்தப் படத்தை நீங்களே எடுப்பது எப்படி என்பதையும் இங்கே காண்போம்.

காமிரா விழித்திருந்தால்

விண்மீன்கள் கிழக்கே எழுந்து மேற்கே மறைவதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் சுழல்வது பூமி. ஒரு விண்மீனை அடையாளமாக வைத்துக்கொண்டு பார்த்தால், பூமி ஒரு முழுச் சுற்றை முடிக்க 23 மணி 56 நிமிடம் 4 நொடி ஆகிறது. எனவே வானம் ஒரு மணி நேரத்தில் 15 பாகைக்குச் சற்று அதிகமாகத் திரும்புகிறது. ஒரு பாகைக்கு ஏறத்தாழ 4 நிமிடம்.

நம் கண் இந்த நகர்வை உணர்வதில்லை. கண் ஒளியைச் சேர்த்து வைக்காது. கணத்துக்குக் கணம் புதிதாகப் பார்க்கும். காமிராவோ திறந்திருக்கும் நேரம் முழுவதும் ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். அசையாமல் நிறுத்திய காமிராவை ஒரு மணி நேரம் திறந்து வைத்தால், ஒவ்வொரு விண்மீனும் தான் சென்ற பாதையைக் கோடாக வரைந்துவிடும். 50 மில்லிமீட்டர் குவியத்தூரம் உடைய லென்ஸ் என்றால், வானத்தின் நடுக்கோட்டை ஒட்டிய விண்மீன் ஒரு மணி நேரத்தில் பிலிமில் 13 மில்லிமீட்டர் நீளத்துக்குக் கோடு போடும்.

விண்மீன் ஒன்றை முதன்முதலில் படம் பிடித்தது 1850-ஆம் ஆண்டில். அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் பாண்ட் என்ற வானியலாரும் விப்பிள் என்ற படக்கலைஞரும் சேர்ந்து, வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் வீகா என்னும் விண்மீனைப் பதித்தார்கள். வானத்தின் மிக ஒளிமிக்க விண்மீன்களில் ஒன்று அது. அதற்கே பெரிய தொலைநோக்கியும் 100 நொடி நேரமும் தேவைப்பட்டன. இன்று உங்கள் வீட்டுக் கைப்பேசி, தொலைநோக்கி இல்லாமலே, அதைவிட மங்கலான விண்மீன்களைச் சில நொடிகளில் பதித்துவிடும்.

10 பாகை வானம்

இப்போது நம் ஊருக்கு வருவோம். அதிராம்பட்டினத்தின் அட்சரேகை வடக்கே 10.3 பாகை. வானம் எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புவதாகத் தோன்றுகிறதோ அதை வடவான் துருவம் என்பார்கள். ஓர் ஊரில் அப்புள்ளி அடிவானத்துக்கு மேலே எத்தனை பாகை உயரத்தில் உள்ளதோ அதுவே அவ்வூரின் அட்சரேகை. லண்டனில் அது 51.5 பாகை உயரத்தில் நிற்கிறது. நமக்கு வெறும் 10.3 பாகை. கையை நேரே நீட்டி விரல்களை மடக்குங்கள். அந்த முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. அடிவானத்தின் மேல் ஒரு முஷ்டியை வைத்தால் அதன் உச்சியில் துருவ நட்சத்திரம்!

இதிலிருந்து ஒரு வியப்பான முடிவு கிடைக்கிறது. துருவத்திலிருந்து 10.3 பாகைக்குள் இருக்கும் விண்மீன்கள் மட்டுமே நம் ஊரில் மறையாமல் முழு வட்டம் போட முடியும். அதற்கு அப்பால் இருப்பவை சுற்றின் ஒரு பகுதியில் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். லண்டனில் சப்தரிஷி மண்டலம் மறைவதே இல்லை. நம் ஊரில் மறைந்து மறைந்து எழுகிறது. நம் 10.3 பாகை வட்டத்துக்குள் கண்ணுக்கு நன்றாகத் தெரியக்கூடிய விண்மீன் எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று, துருவ நட்சத்திரம். மற்றவை மிக மங்கலானவை. ஆக, அதிராம்பட்டினத்தில் என்றும் மறையாத பளிச்சென்ற விண்மீன் அது ஒன்றுதான்.

அந்த ஒன்றையும் நாம் பார்க்கிறோமா? கல்லூரியில் ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களிடம், துருவ நட்சத்திரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்பேன். இரண்டு, மூன்று கைகள் எழும். குறை மாணவர்களுடையது அன்று. 10 பாகை உயரம் என்றால் பக்கத்து மாடிவீடு போதும் மறைப்பதற்கு. மாடி இல்லாவிட்டால் தென்னந்தோப்பு. அதுவும் இல்லாவிட்டால் தெருவிளக்கின் கூச்சம். அடிவானத்தை ஒட்டிய வானத்தில்தான் விளக்குகளின் பிரதிபலிப்பு மிகுதி. வடமேற்கே பட்டுக்கோட்டை நகரின் ஒளி வேறு. உச்சிவானத்து விண்மீன்கள் கெட்டுப்போவதற்கு வெகுநாள் முன்பே நாம் இழப்பது துருவ நட்சத்திரத்தைத்தான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி இப்பகுதி வழியே சென்றது. பட்டுக்கோட்டை வட்டாரத்தில் தென்னைகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. பல சிற்றூர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்தக் கார்த்திகை அமாவாசையை ஒட்டி, மேகம் விலகிய இரவுகளில், வடக்கே துருவ நட்சத்திரம் தனித்துத் தெரிந்தது. மறைக்க மரமும் இல்லை, விளக்கும் இல்லை. அதை மகிழ்ச்சியோடு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைபோல் வளர்த்த தென்னையை இழந்தவர்கள் அதே இருட்டில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் விளக்கு எவ்வளவு வானத்தை மறைத்துக்கொண்டிருந்தது என்பது அப்போது பலருக்கும் தெரிந்தது.

கிழக்கும் தெற்கும்

வடக்கில் நமக்குக் கொஞ்சம் குறைவு என்றால், மற்ற திசைகளில் நமக்குக் கொள்ளை இலாபம்.

கிழக்கே திரும்புங்கள். வானத்தின் நடுக்கோடு நம் தலைக்கு மேல், உச்சியிலிருந்து 10 பாகை மட்டுமே தெற்கே தள்ளிச் செல்கிறது. எனவே கிழக்கில் எழும் விண்மீன்கள் ஏறக்குறைய செங்குத்தாக, தெற்குப் பக்கம் லேசாகச் சாய்ந்து மேலேறும். தை மாதத்தில் முன்னிரவில் தெரியும் ஓரியன் என்ற வேட்டைக்காரனை அறிவீர்கள் அல்லவா? அவன் இடுப்புக் கச்சையில் வரிசையாக மூன்று விண்மீன்கள். அவற்றுள் முதலில் எழுவது வானநடுக்கோட்டின் மேலேயே இருக்கிறது எனலாம். அது போடும் கோடு வளையாது. அளவுகோல் வைத்து இழுத்தாற்போல நேராக இருக்கும். அதற்கு இடப்புறம் உள்ள விண்மீன்களின் கோடுகள் வடக்கு நோக்கி வளையும்; வலப்புறம் உள்ளவை தெற்கு நோக்கி வளையும். அகன்ற லென்ஸ் ஒன்றில் இடது, நடு, வலது மூன்றையும் ஒரே படத்தில் பிடிக்கலாம்.

தெற்கே நமக்குக் கடல். தென்வான் துருவம் நம் அடிவானத்துக்கு 10 பாகை கீழே, பாக் நீரிணைக்கு அடியில் இருப்பதாகக் கொள்ளுங்கள். அந்தக் காணாத மையத்தைச் சுற்றித் தென்திசை விண்மீன்கள் வானவில்போல் எழுந்து கவிழும். அகத்தியர் விண்மீன், இரவு வானில் பிரகாசத்தில் இரண்டாவது, தை, மாசி மாதங்களில் கடலுக்கு மேல் 27 பாகை உயரம் வரை ஏறி, சுமார் 10 மணி நேரத்தில் தன் வில்லை முடிக்கும். லண்டனில் இருப்பவர் அதை ஒருபோதும் பார்க்க முடியாது. சித்திரை, வைகாசியில் தெற்குச் சிலுவையின் நான்கு விண்மீன்களும் இதேபோல் வில் போடும். உப்பளப் பாத்திகளில் நீர் அசையாமல் நிற்கும் இரவாக இருந்தால் கோடுகள் நீரிலும் விழும். மீன்பிடி படகுகளின் விளக்குகள் மட்டும், படகு ஆடுவதால், அடிவானத்தில் கோழி கிளறியதுபோல் கிறுக்கி வைக்கும்.

கிண்ணமும் தூறலும்

ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் விண்மீனின் கோடு பிரகாசமாகும், இரண்டு மணி நேரம் வைத்தால் இன்னும் பிரகாசமாகும் என்று நினைக்கிறீர்களா? ஆகாது. ஏன் என்று பார்ப்போம்.

தரையில் வரிசையாகக் கிண்ணங்களை அடுக்கி, செம்பிலிருந்து ஒரே சீராகத் தண்ணீர் ஊற்றியபடி ஒருவர் நடந்து போகிறார். ஒவ்வொரு கிண்ணத்திலும் கொஞ்சம் தண்ணீர் விழும். அவர் இன்னும் நெடுநேரம் நடந்தால் இன்னும் பல கிண்ணங்கள் நனையும்; முதல் கிண்ணம் நிரம்பாது. விண்மீனின் ஒளியும் அப்படித்தான். அது படத்தில் ஓர் இடத்தைக் கடக்கும் நேரமே அவ்விடத்தில் ஒளி விழும் நேரம். காமிராவைத் திறந்து வைக்கும் நேரம் கோட்டின் நீளத்தைத்தான் கூட்டும். கோடு பிரகாசமாக வேண்டுமானால் செம்பின் வாய் அகலமாக வேண்டும். அதாவது லென்ஸின் துவாரம் பெரிதாக வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: மெதுவாக நடப்பவர் ஒவ்வொரு கிண்ணத்திலும் அதிகம் ஊற்றுவார். துருவத்தை ஒட்டிய விண்மீன்கள் சிறிய வட்டத்தில் மெதுவாக நகர்வதால், அங்கே மங்கலான விண்மீன்களும் கோடு போட்டுவிடுகின்றன.

அவர் நடந்துகொண்டிருக்கும்போதே தூறல் போடுகிறது என்று வையுங்கள். தூறல் எல்லாக் கிண்ணங்களிலும் விழும், விழுந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்தில் செம்புத் தண்ணீரைவிடத் தூறல் தண்ணீரே மிகுந்துவிடும். அந்தத் தூறல்தான் ஊர் விளக்குகளால் வானத்தில் பரவும் வெளிச்சம். பிலிம் காமிரா காலத்தில் இதற்காகவே விளக்கில்லாத இடம் தேடி வெகுதூரம் போனார்கள்.

டிஜிட்டல் காமிராவில் இதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஒரு மணி நேரம் ஒரே படமாக எடுக்காமல், 30 நொடிப் படங்களாக 120 எடுக்க வேண்டும். பிறகு கணினியில் அத்தனை படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வோர் இடத்திலும் எந்தப் படத்தில் ஒளி மிகுதியோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். விண்மீன் அடுத்தடுத்த படங்களில் அடுத்தடுத்த இடத்தில் இருப்பதால் கோடு சேர்ந்துவிடும். வானத்தின் வெளிச்சமோ 30 நொடி அளவிலேயே நின்றுவிடும், கூடாது. இதைச் செய்து தரும் இலவச மென்பொருள்கள் பல இருக்கின்றன. நம் ஊர் போன்ற விளக்கு மிகுந்த ஊரிலும் துருவ நட்சத்திரத்தை மீட்டுத் தருவது இந்த வழிதான்.

செய்முறை அதிகம் இல்லை. காமிரா முக்காலி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மணலோ உமியோ நிரப்பிய பையை வைத்து அதில் அழுத்தி உட்காரவையுங்கள். கைப்பேசியில் நாமே அளவுகளை அமைக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால் பலவற்றில் 30 நொடி வரை வைக்கலாம். ஐ.எஸ்.ஓ. 800 போதும். லென்ஸின் துவாரத்தை முழுதும் திறங்கள். ஒரு பிரகாசமான விண்மீனைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை குவியத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு தானியங்கிக் குவியத்தை நிறுத்திவிடுங்கள். இரண்டு படங்களுக்கு நடுவே இடைவெளி விழக் கூடாது. 50 மி.மீ. லென்ஸில் விண்மீனின் பிம்பம் நொடிக்கு 0.0036 மி.மீ. நகர்கிறது. உணரியின் ஒரு புள்ளி அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். எனவே இடைவெளி நீண்டால் கோடு துண்டு துண்டாகத் தெரியும். நீண்ட நேரப் படங்களில் இரைச்சலைக் குறைக்கும் அமைப்பு ஒன்று பல காமிராக்களில் இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் பின் அதே அளவு நேரம் அது காமிராவை முடக்கிவிடும். அதை நிறுத்திவையுங்கள்.

கடற்கரையில் இன்னொரு தொல்லை, உப்பு ஈரம். அரைமணிக்கு ஒருமுறை லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். உப்பளப் பக்கம் இரவில் தனியாகப் போகாதீர்கள், பாம்பு உண்டு. வீட்டில் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். பெரும்பாலும் அவர்களும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார்கள்!

படத்தை அளந்து பாருங்கள்

இனிதான் இயற்பியல். பங்குனி, சித்திரையில் இரவு 9 மணி அளவில், வடக்கே அடிவானமும் சப்தரிஷி மண்டலமும் ஒரே படத்தில் விழும்படி காமிராவை நெட்டாக வையுங்கள். முதலில் 10 நொடிப் படம் ஒன்று. பின் ஒரு மணி நேரக் கோட்டுப் படம்.

சப்தரிஷி மண்டலத்தில் துருவ நட்சத்திரத்தைச் சுட்டும் இரு விண்மீன்களுக்கு இடையே 5.4 பாகை. அதைப் 10 நொடிப் படத்தில் அளவுகோலால் அளந்தால், ஒரு பாகைக்கு எத்தனை மி.மீ. என்பது தெரிந்துவிடும். கோட்டுப் படத்தில் வளைகோடுகளின் பொதுமையத்தைக் கண்டுபிடியுங்கள். வட்டநாணின் நடுச்செங்குத்துக்கோடு மையம் வழியே செல்லும் என்று வடிவியலில் படித்தீர்களே, அது இங்கே உதவும். அடிவானத்திலிருந்து மையத்தின் உயரத்தைப் பாகையாக மாற்றுங்கள். நீங்கள் அளந்தது உங்கள் ஊரின் அட்சரேகை! அதை 111-ஆல் பெருக்கினால் நிலநடுக்கோடு எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பதும் கிடைக்கும். நம் ஊருக்கு அது ஏறத்தாழ 1,150. அகன்ற லென்ஸ்கள் ஓரங்களை இழுத்துக் காட்டுமாதலால் விடை ஒரு பாகை முன்பின்னாக வரலாம், கவலை வேண்டாம்.

மையத்தைக் கண்டதும் இன்னொன்று தெரியும். துருவ நட்சத்திரம் மையத்தில் இல்லை! அதுவும் ஒரு சிறு வில் போட்டிருக்கும். உண்மைத் துருவத்திலிருந்து அது முழுநிலவின் அகலத்தைவிடச் சற்று அதிகமாகவே விலகியிருக்கிறது. அசையாத நட்சத்திரம் என்று கதையில் கேட்டது அசைவதை உங்கள் படத்திலேயே பார்க்கலாம்.

கோடுகளின் நிறத்தையும் கவனியுங்கள். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிபவை படத்தில் ஆரஞ்சாகவும் நீலமாகவும் இருக்கும். ஒரே இடத்தில் குவியும் ஒளி படத்தை நிறைத்து நிறத்தைக் கெடுத்துவிடுகிறது. கோடாகப் பரவினால் நிறம் பிழைக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆங்கிலோ-ஆஸ்திரேலிய வானாய்வகத்தில் பணியாற்றிய டேவிட் மாலின், விண்மீன்கள் கோடிடும்போதே குவியத்தைப் படிப்படியாகக் கலைத்து, ஒவ்வொரு கோட்டையும் வண்ண விசிறியாக விரித்துக் காட்டினார். வேட்டைக்காரனின் தோளில் உள்ள திருவாதிரை ஆரஞ்சு. அதன் வெப்பநிலை ஏறத்தாழ 3,500 கெல்வின். காலில் உள்ள ரைஜெல் நீலவெண்மை. அது 12,000 கெல்வின் அளவு.

கோட்டிலிருந்து புள்ளிக்கு

கோடுகளை எடுத்துப் பழகியவர்களுக்கு அடுத்து ஓர் ஆசை வரும்: கோடு வேண்டாம், புள்ளியாகவே நெடுநேரம் எடுக்க வேண்டும். அதற்குக் காமிராவும் பூமிக்கு எதிராகத் திரும்ப வேண்டும். சவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தின் தொலைநோக்கிகள் அப்படித் திரும்புபவைதாம். விண்மீன்கள் அங்கே புள்ளிகளாக நிற்கும். இடையில் தானாக நகரும் ஏதேனும் இருந்தால் அது மட்டும் கோடு போட்டு மாட்டிக்கொள்ளும். 1988 பிப்ரவரியில் ராஜமோகன் காவலூரில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். கணிதமேதை இராமானுஜன் பெயரைத் தாங்கி 4130 என்ற எண்ணுடன் அது இன்றும் சூரியனைச் சுற்றி வருகிறது. காவலூரை உருவாக்கிய வைணு பாப்புவும், 1949-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, தாம் எடுத்த படத்தில்தான் ஒரு வால்வெள்ளியைக் கண்டார்.

திரும்பும் காமிராவை நீங்களே செய்யலாம். 1970-களில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஹெய்க் என்பவர் பரப்பிய முறை இது. 30 செ.மீ. நீளப் பலகைகள் இரண்டை ஒரு முனையில் கதவுக் கீலால் இணையுங்கள். கீலின் அச்சிலிருந்து 22.9 செ.மீ. தள்ளி, கீழ்ப்பலகையில் திருகுமரை ஒன்றைப் பதித்து அதன் வழியே 6 மி.மீ. போல்ட்டைச் செலுத்துங்கள். அதன் புரி இடைவெளி 1 மி.மீ.; ஆகவே ஒரு சுற்றுக்கு மேல்பலகை 1 மி.மீ. உயரும். நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றினால், மேல்பலகை பூமி சுழலும் அதே வேகத்தில் திறக்கும். 1-ஐ 229-ஆல் வகுத்து, ஒரு நிமிடத்தில் பூமி திரும்பும் கோணத்தோடு ஒப்பிட்டு இதை நீங்களே சரிபார்க்கலாம். கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டே போல்ட்டைத் திருகினால் சரி. பலகையை ஆசாரி அறுத்துத் தருவார். போல்ட்டுக்குக் கைப்பிடி வைக்க லேத் பட்டறைக்குப் போகலாம்.

கீலின் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும். லண்டனில் அதற்குப் பலகையைப் பாதிக்கு மேல் நிமிர்த்த வேண்டும். நம் ஊரில் 10 பாகை தூக்கினால் போதும். கிட்டத்தட்டப் படுக்கையாகவே இருக்கும். அகன்ற லென்ஸில் ஒன்றிரண்டு நிமிடங்கள் திருகிப் பழகுங்கள். முதல் குறியாக வேட்டைக்காரனின் கச்சைக்குக் கீழே தொங்கும் வாளை வையுங்கள். அதன் நடுவில் கண்ணுக்குச் சாம்பல் பூத்தாற்போல் தெரியும் இடம் படத்தில் இளஞ்சிவப்பு மேகமாக வரும். தை அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஐந்து நாட்கள், இரவு 8 மணியிலிருந்து 11 மணி வரை, அது நம் தலைக்கு அருகிலேயே இருக்கும்.